இரண்டாவது கண்காணிப்பு

நேர்முகத் தேர்வுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"ஊர்ல எத்தனையோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கு. நான் வேலை பாக்கற இடம்தான் உன் கண்ணுல பட்டுச்சா?"

"பஸ்ஸுல இருபது நிமிஷம்தான்னு போட்டேன்க்கா."

"இப்பவாவது வாபஸ் வாங்கு."

 அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கணவனின் அக்காவை அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பதினோரு வருடம் தற்காலிகப் பணியிலேயே இழுத்தடிக்கப்பட்டு, அதன் பிறகு கல்வி உளவியல் துறையில் நிரந்தரமான பெண்மணி. அந்தப் பதினோரு வருடத்தை அவள் யாரையும் மறக்க விட்டதில்லை.

"வாபஸ் வாங்க மாட்டேன்னா ஒண்ணு செய். நேர்முகத்தன்னிக்கு ஒரு படிவம் குடுப்பாங்க. சொந்தக்காரங்க யாராவது இங்க வேலை பாக்கறாங்களான்னு கேட்டிருக்கும். இல்லைன்னு எழுது. இடம் கிடைச்சா நான் தள்ளிவிட்டேன்னு பேசுவாங்க. கிடைக்கலைன்னா தம்பி பொண்டாட்டிக்கே கிடைக்கலைன்னு சிரிப்பாங்க. ரெண்டுமே எனக்கு வேண்டாம்."

"பொய் எழுதச் சொல்றீங்களாக்கா?"

"என் பேரை இழுக்காதேன்னு சொல்றேன்."

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. உயிரியலில் பட்டம் வாங்கிய மூன்று வருடத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, பத்து வருடமாக வருகிறவர்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ரத்தம் எடுக்கும்போது எதற்காக எடுக்கிறோம், அதில் என்ன பார்ப்பார்கள் என்று விளக்கிச் சொல்லுவாள். கேட்டவர்கள் மேலும் கேட்பார்கள். வெளியே வரிசை நீளும். கூடத்தின் உரிமையாளர் ஒருநாள் எல்லார் முன்பும், "உன்னை ஊசி குத்த வச்சிருக்கேன், பாடம் நடத்த இல்ல. பாடம் நடத்தணும்னா பள்ளிக்கூடத்துக்குப் போ," என்றார். அவர் திட்டத்தான் சொன்னார். அவள் அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

நேர்முகத்தன்று படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.  மை காய்வதற்குள் மடித்துக் கொடுத்தாள்.

நேர்முக அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கல்லூரி முதல்வர், இடது பக்கம் கணித விரிவுரையாளர், வலது பக்கம் நாத்தனார். முதல்வர் மார்க் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டினார். கணிதக்காரர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொட்டாவியை விழுங்கினார். நாத்தனார் மட்டும் முன்பின் பார்த்திராதவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"பத்து வருஷம் ஊசி குத்தியிருக்கீங்க. திடீர்னு கற்பித்தல் மேல ஆசை எப்படி வந்துச்சு?"

"திடீர்னு வரலீங்க. அங்கயே நடத்திட்டுத்தான் இருந்தேன். அதுக்குத்தான் திட்டு வாங்கினேன்."

"கூடப் படிக்கப் போறவங்களுக்கு இருபத்தோரு வயசு. அவங்க நடுவுல உக்கார உங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

"எழுபது வயசுக்காரங்க கைல நரம்பு தேடியிருக்கேன் மேடம். கூச்சப்பட்டா நரம்பு கிடைக்காது."

கணிதக்காரர் சிரித்துவிட்டார். நாத்தனார் குறிப்புத்தாளில் ஏதோ எழுதி அடிக்கோடிட்டாள். அந்த அடிக்கோடு நல்லதற்கில்லை என்று மட்டும் தெரிந்தது.

முப்பது இடங்கள். காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலாவதாக வந்தது. அதாவது முப்பத்தோராவது ஆள். வகுப்புகள் தொடங்கி இரண்டு வாரம் ஆனபின் ஒரு பையன் வேலை கிடைத்து விலகிப்போனான். அலுவலக எழுத்தர் போன் செய்தபோது அவள் ஒரு முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாலை நான்கு மணிக்குள் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார் எழுத்தர். முதியவருக்குப் பஞ்சு வைத்து அழுத்திவிட்டு, உரிமையாளரிடம் போய்ச் சொன்னாள்.

"போனா போ. திரும்பி வந்து நிக்காதே," என்றார் அவர்.

மூன்றே முக்காலுக்குக் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே வருவது இவ்வளவு கஷ்டம் என்றால் இருப்பது அதைவிடக் கஷ்டம் என்று முதல் வாரத்திலேயே புரிந்தது. விட்டுப்போன இரண்டு வாரக் குறிப்புகளைக் கேட்டபோது, முன்வரிசைப் பெண், "போட்டோ எடுத்து அனுப்பறேன்க்கா," என்றாள். அனுப்பவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது போனில் சார்ஜ் இல்லை, மூன்றாம் முறை அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை. வகுப்புக்கென்று போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அவளைச் சேர்க்க எல்லாருக்கும் மறந்துபோனது. அறை மாற்றம், தேதி மாற்றம் எல்லாம் அதில்தான் வரும். இரண்டு முறை பூட்டிய அறை வாசலில் தனியாக நின்றாள். அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவள் காதுபடவே கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். முகம் சுளித்தால் அவர்களுக்கு இன்னும் தீனி என்று அவளுக்குத் தெரியும்.

உளவியல் வகுப்பில் நாத்தனார் அவள் பெயரைச் சொன்னதே இல்லை. "கடைசியா வந்து சேர்ந்தவங்க சொல்லட்டும்," என்பாள். சொன்னால், "புத்தகத்துல இருக்கறதை எல்லாரும் சொல்லலாம்," என்பாள். சொல்லாவிட்டால், "படிச்சிட்டு வர நேரமில்ல போல," என்பாள். வகுப்பு சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே நாத்தனார் வீட்டுக்கு வந்து, தம்பி மகளை மடியில் உட்காரவைத்துத் தலை வாரிவிடுவாள். "அத்தைதான் நல்லா பின்னுவாங்க, அம்மா இழுத்து இழுத்துப் பின்றா," என்று ஒன்பது வயது மகள் சொல்லும்போது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் தட்டு வைப்பாள். கல்லூரிப் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது என்று அவள் கணவன் ஒரு சட்டம் போட்டிருந்தான். அவன் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில். வீட்டில் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே அவனே மாட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பருவத்தில் பள்ளிப் பயிற்சி வந்தது. பதினாறு வாரம் ஒரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். கல்லூரியிலிருந்து ஒருவர் மூன்று முறை வந்து வகுப்பைக் கவனித்துப் பதிவேட்டில் எழுதுவார். மூன்றில் இரண்டு 'திருப்திகரமாக இல்லை' என்று வந்தால் படிப்பிலிருந்து நீக்கம். பட்டியல் ஒட்டியபோது அவள் பெயருக்கு எதிரே கண்காணிப்பாளராக நாத்தனாரின் பெயர் இருந்தது. மாற்றச் சொல்லலாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் படிவத்தில் எழுதிய பொய் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டாள்.

பள்ளியில் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஓய்வறையில் இடமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பாடக்குறிப்பு எழுத வேண்டும், அங்கேதான் சாப்பிட வேண்டும். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு அறிவியல் அவளுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வகுப்பின் நிரந்தர அறிவியல் ஆசிரியைதான் அவளுக்கு வழிகாட்டி. இருபத்திரண்டு வருடம் அந்தப் பள்ளியிலேயே இருந்தவள். இதயம், நுரையீரல் மாதிரிகள் இருந்த அலமாரிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பாள்.

"டீச்சர், இதய மாடல் கொஞ்சம் வேணும்."

"வருஷா வருஷம் வருவீங்க, உடைப்பீங்க, போயிடுவீங்க. படம் வரைஞ்சு காட்டுங்க, போதும்."

எட்டாம் வகுப்பு 'பி'யில் நாற்பத்தொரு பேர். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர் இல்லடி, ட்ரெயினிங்," என்று பக்கத்திலிருப்பவளுக்கு விளக்கம் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தை அறை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் யாரோ ஒருவர் இருமினார். ஒருவர் முடித்தால் இன்னொருவர் தொடங்கினார். அந்த நாற்பது நிமிடத்தில் காசநோய் மருத்துவமனை தோற்றுப்போகும்.

முதல் கண்காணிப்பு மூன்றாவது வாரத்தில். ரத்த ஓட்டம். பாடத்தைக் கையில் தொட்டுப் பார்க்கட்டும் என்று அவள் பழைய கூடத்திலிருந்து ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். இதயம் எப்படி அழுத்தித் தள்ளுகிறது என்று தண்ணீரை இழுத்துக் காட்டுவது திட்டம். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கூரை வரைக்கும் போனது. வழிகாட்டி ஆசிரியையின் வருகைப்பதிவேட்டில் மை கரைந்து ஓடியது. 'டீச்சர் இல்லடி' சொன்ன பெண் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கடைசி வரிசையில் நாத்தனார் அசையாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

'திருப்திகரமாக இல்லை.'

அதை அவள் மறுக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தைப் பார்த்த யாரும் வேறு எதையும் எழுதியிருக்க முடியாது.

அடுத்த ஐந்து வாரம் அவள் எட்டாம் வகுப்பு 'பி'யோடு மல்லுக்கட்டினாள். கத்திப் பார்த்தாள், பலிக்கவில்லை. பேசாமல் நின்று பார்த்தாள். அவர்களுக்கு அது வசதியாகப் போனது. ஒருநாள் இருமல் தொடங்கியபோது கரும்பலகையில் இருமலின்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று வரைந்து, "யாரு நல்லா இருமறீங்களோ அவங்க முன்னால வாங்க, மத்தவங்க விலா எலும்பைப் பாக்கட்டும்," என்றாள். யாரும் வரவில்லை. ஆனால் இருமல் நின்றது. அவர்களுக்கு அவளைப் பிடித்துவிடவில்லை. இவளிடம் எதிர்பார்த்தது நடக்காது என்று புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியட். நாடித்துடிப்பு. ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து எண்ண வேண்டும், பிறகு இருபது முறை உட்கார்ந்து எழுந்து மறுபடி எண்ண வேண்டும். பெஞ்சின் மேல் ஏறிய பெண்ணிடம் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் சொல்லச் சொன்னாள். நாற்பது பேரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம், மின்விசிறிச் சத்தம் கேட்டது. அந்த அறையில் மின்விசிறி சத்தம் போடும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வழிகாட்டி ஆசிரியை பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டிருந்தாள். கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. இன்றைக்கு வந்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே பலகையைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். எழுத்தர் ஒரு நகலை நீட்டினார். இரண்டாவது கண்காணிப்பு. தேதி, அந்தச் செவ்வாய்க்கிழமை. நேரம், இரண்டாவது பீரியட். 'வகுப்பில் ஒழுங்கு இல்லை. மாணவர்கள் கவனிக்கவில்லை. பாடத்தின் நோக்கம் நிறைவேறவில்லை. திருப்திகரமாக இல்லை.' கீழே நாத்தனாரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் வழிகாட்டி ஆசிரியையின் கையெழுத்து.

"ரெண்டு ஆயிடுச்சு. பத்து நாள் டைம் இருக்கு, மேல்முறையீடு பண்ணணும்னா எழுதிக் குடுங்க. இல்லேன்னா சான்றிதழெல்லாம் திருப்பி வாங்கிக்கலாம்," என்றார் எழுத்தர். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரம்தான் இருந்தது.

அவள் நேராக நாத்தனாரின் அறைக்குப் போனாள்.

"மேடம், செவ்வாய்க்கிழமை நீங்க வகுப்புக்கு வரலையே."

"வராந்தாவுல நின்னு பாத்தேன். உள்ள வந்து உக்காந்தா எல்லாரும் நடிப்பீங்க."

"அன்னிக்கு வகுப்பு நல்லா நடந்துச்சு மேடம்."

"உனக்கு அப்படித் தோணியிருக்கும்." நாத்தனார் தலையை நிமிர்த்தவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ."

திங்கள்கிழமை காலையில் பள்ளிக்குப் போனதும் வழிகாட்டி ஆசிரியையைப் பிடித்தாள். "டீச்சர், செவ்வாய்க்கிழமை காலேஜ்லேர்ந்து யாராவது வந்தாங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும். நான் ஆபீஸ் ரூமுக்குப் போயிருந்தேன். புதன்கிழமை பேப்பர் குடுத்தனுப்பி கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். வருஷா வருஷம் போடறதுதான்."

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

"என்னை எதுக்கும்மா இதுல இழுக்கறே? ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு எனக்கு." சாவியை இடுப்பில் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அன்று மாலை மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சட்டம் கிடக்கட்டும் என்று அவள் அந்த நகலை எடுத்துப் படித்துக் காட்டினாள். தேதியை வாசித்த இடத்தில் அவன் கை தட்டிலேயே நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ படி."

"என்னன்னு கேட்டேன்."

அவன் மகளை உள்ளே போகச் சொன்னான். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கு நான் அரை நாள் லீவு போட்டேன். அக்காவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். காலைல ஒன்பது மணிக்கு. கண்ணுல மருந்து விட்டாங்க. மதியம் ரெண்டு மணி வரைக்கும் எதிர்ல யாரு நிக்கறாங்கன்னே தெரியாது. கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா. கண் நரம்புல ஏதோ அழுத்தம். ஓரத்துப் பார்வை குறையுதாம். காலேஜுக்குத் தெரிஞ்சா வேலைல கை வச்சிடுவாங்களோன்னு பயப்படறா. அன்னிக்கு லீவுகூடப் போடல. ஸ்கூல் கண்காணிப்புக்குப் போறதா எழுதிட்டு வந்திருக்கா."

அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. கண்காணிப்புக்குப் போனதாக எழுதிவிட்டால் யாரையாவது கண்காணித்ததாகக் காட்ட வேண்டும். நாத்தனாரின் பொறுப்பில் ஆறு பயிற்சி ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆறு பேரில் வாயைத் திறக்க முடியாத ஒருத்தியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

"முதல்வர்கிட்ட வந்து இதைச் சொல்லுங்க," என்றாள்.

"முடியாது."

"என் படிப்பு போயிடும்."

"அவளுக்குக் கண்ணே போயிடுமோன்னு பயந்துட்டிருக்கா. இப்பப் போய் நாலு பேர் முன்னால அவளை நிக்க வைக்கச் சொல்றியா? எங்கம்மா செத்தப்புறம் என்னை வளர்த்தது அவ."

"கண்ணு தெரியாத நேரத்துல என் வகுப்பைப் பாத்தேன்னு எழுதியிருக்காங்க. அதுல என் கண்ணு போறது உங்களுக்குத் தெரியல."

"அடுத்த வருஷம் வேற காலேஜ்ல சேர்ந்துக்கோ."

"நீக்கம்னு ஒருத்தர் எழுதிட்டா எவன் சேர்ப்பான்?"

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகள் வழியாகத்தான் பேச்சு நடந்தது. அப்பாவைக் குளிக்கச் சொல், அம்மாவிடம் சாவியைக் கேள் என்று. மகள் இரண்டு நாளில் அலுத்துப்போய், "நீங்க ரெண்டு பேரும் எழுதி வச்சுக்கோங்க, எனக்கு வேலை இருக்கு," என்றாள்.

புதன்கிழமை அவள் மனுவை எழுதினாள். மூன்று முறை எழுதிக் கிழித்தாள். நான்காவது முறை சுருக்கமாக எழுதினாள். இரண்டாவது கண்காணிப்பு நடக்கவில்லை. கண்காணிப்பாளர் என் கணவரின் அக்கா. சேரும்போது உறவினர் இல்லை என்று நான் எழுதியது பொய். என் கணவர் சாட்சி. கடைசி வரியை எழுதலாமா என்று வெகு நேரம் யோசித்தாள். அவன் வருவான் என்ற நம்பிக்கை துளியும் இல்லை. ஆனாலும் எழுதி, உறையில் போட்டு, எழுத்தரிடம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டாள். திங்கள்கிழமை பதினோரு மணிக்கு முதல்வர் விசாரிப்பார் என்றார் எழுத்தர். மறுநாள் காலை அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அருகே போய், "உங்க பேரை எழுதியிருக்கேன். திங்கக்கிழமை பதினோரு மணி. வந்தா வாங்க, வராட்டிப் போங்க," என்று மட்டும் சொன்னாள். மூன்று நாட்களில் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அன்று மாலையே நாத்தனார் போன் செய்தாள். குரல் உடைந்திருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். உடையவில்லை.

"நீ வாயைத் திறக்க மாட்டேன்னு நினைச்சேன்," என்றாள் நாத்தனார்.

"பாஸ்னு எழுதியிருந்தா நான் திறந்திருக்கவே மாட்டேன்க்கா. அதையாவது எழுதியிருக்கலாம்ல?"

"பாக்காமலே நீ நல்லா நடத்தினேன்னு எழுதறதா? அப்படியெல்லாம் நான் எழுத மாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போனை வைத்தாள். நாத்தனார் அதை மனதார நம்பித்தான் சொன்னாள் என்பது வைத்தபிறகுதான் உறைத்தது. அதுதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது.

திங்கள்கிழமை முதல்வர் அறையில் நீள மேசைக்கு ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் அவள். முதல்வருக்குப் பக்கத்தில் கணித விரிவுரையாளர் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார். பதினொன்றே காலாகியும் கணவன் வரவில்லை.

"படிவத்துல பொய் எழுதினதுக்கு இப்பவே உங்களை வெளிய அனுப்பலாம்," என்றார் முதல்வர் அவளிடம். "தெரியுமா?"

"தெரியுங்க சார்."

"தெரிஞ்சும் ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"அந்தப் பொய்யைச் சொல்லாம இந்தப் பொய்யைப் பத்திப் பேச முடியல சார்."

முதல்வர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்களும் தேர்வுக் குழுவுல உறவை மறைச்சிருக்கீங்க. அதை அப்புறம் பேசுவோம். செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனீங்களா?"

"போனேன். வராந்தாவிலிருந்து கவனிச்சேன்."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. கணவன் வேலை உடுப்போடு வந்திருந்தான். முழங்கையில் கிரீஸ் கறை. உட்காரச் சொன்ன நாற்காலியைப் பார்த்து, அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டான். மனைவியைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. முதல்வருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை காலைல உங்க அக்கா எங்க இருந்தாங்க?"

"எங்கூட இருந்தாங்க சார்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"ஒன்பதுலேர்ந்து ரெண்டு வரைக்கும்."

"எங்க?"

"அதை அவங்கதான் சொல்லணும் சார். நான் சொல்ல மாட்டேன்."

கணிதக்காரர் பேனாவை மூடினார். நாத்தனார் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுத் தலையையும் அவன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஓரத்துப் பார்வை குறைந்தவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள் என்பது உயிரியல் படித்த அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் அதைப் பார்த்துவிட்டு, திமிர் என்று நினைத்திருக்கிறோம் என்பது அந்த நொடியில்தான் மண்டையில் ஏறியது. அதற்காக இரக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

"கண்ணாஸ்பத்திரியில இருந்தேன்," என்றாள் நாத்தனார் கடைசியாக. "இப்போ எல்லாருக்கும் திருப்தியா?"

முடிவு இரண்டு நாளில் வந்தது. யாருக்கும் முழுதாகச் சாதகமாக வரவில்லை. இரண்டாவது கண்காணிப்பு ரத்து. நாத்தனாருக்கு அந்த ஆண்டு கண்காணிப்புப் பணி இல்லை, விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலை போகவில்லை. மருத்துவ விடுப்பு எடுத்துக்கொள்ளும்படி முதல்வரே எழுதினார். படிவத்தில் பொய் எழுதிய அவளுக்கு எழுத்துமூலமான எச்சரிக்கை, கூடுதலாக மூன்று வாரப் பயிற்சி. அவளைக் கண்காணிக்கக் கணித விரிவுரையாளரைப் போட்டார்கள்.

அவர் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை வந்தார். முதல் முறை வந்தபோது எட்டாம் வகுப்பு 'பி' அவரை ஆய்வாளர் என்று நினைத்துக் கல்லாகச் சமைந்துபோனது. கேட்ட கேள்வி ஒன்றுக்கும் ஒரு கை உயரவில்லை. வியர்த்துக்கொட்ட அவள் நாற்பது நிமிடத்தை ஓட்டினாள். பெஞ்சின் மேல் ஏறும் பெண்தான் கடைசியில் எழுந்து ஒரு பதில் சொன்னாள். தப்பான பதில். அது ஏன் தப்பு என்று அவள் விளக்கப் போய், அதிலிருந்து வகுப்பு மெல்ல நகர்ந்தது. கணிதக்காரர், 'திருப்திகரம்' என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் எட்டுக் குறைகளைப் பட்டியலிட்டார். இரண்டாம் முறை ஆறு குறைகள்.

"குறைஞ்சிருக்குல்ல சார்?" என்று கேட்டாள்.

"நான் கொஞ்சம் லேட்டா வந்தேன்," என்றார் அவர்.

கல்லூரியில் அவளிடம் பேசிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு விரிவுரையாளர்களும் நிறுத்திக்கொண்டார்கள். கண் தெரியாதவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேச்சு. அவள் வந்தால் ஓய்வறைக் கதவு சாத்திக்கொள்ளும். இருபத்தோரு வயதுக்காரர்கள் மட்டும் அதற்கு நேரெதிராக நடந்துகொண்டார்கள். போன் குழுவில் அவளைச் சேர்த்தார்கள். பாசத்தில் இல்லை. தங்களுக்கும் ஒருநாள் மனு எழுத வேண்டி வந்தால் எப்படி எழுதுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளத்தான். அவள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாள். முதல் வரியில் புலம்பாதே, தேதியை எழுது, முத்திரை வாங்காமல் நகராதே என்று.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. நாத்தனார் வருவதில்லை. கணவன் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்வந்தான். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வந்தால் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்பாள். "சொட்டு மருந்து மாத்தியிருக்காங்க," என்பான். அதற்கு மேல் சொல்ல மாட்டான். ஏன் சாட்சி சொல்ல வந்தாய் என்று அவளும் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை, சட்டையைக் கழற்றிக்கொண்டே அவனாகச் சொன்னான். "நான் வராம இருந்திருந்தா நீ இந்த வீட்டுல இருந்திருப்பே. ஆனா என்கூட இருந்திருக்க மாட்டே." அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

பருவ முடிவு ஒட்டிய அன்று பலகை முன்னால் கூட்டம். பயிற்சித் தாளில் தேர்ச்சி பெறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணோடு அவள் பெயர் நின்றது. இன்னும் இரண்டு பருவம் பாக்கி. கூட்டத்திலிருந்து விலகிப் படியேறும்போது எதிரே நாத்தனார் இறங்கி வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு கை கைப்பிடிச் சுவரைத் தொட்டபடி வந்தது. மிக அருகே வந்தபின்தான் ஆளைத் தெரிந்துகொண்டு நின்றாள்.

"பாஸ் ஆயிட்டியாமே."

"ஆமாங்க மேடம்."

"அடுத்த பருவம் உளவியல் ரெண்டாம் தாள் நான்தான் எடுக்கறேன். விடுப்பு முடிஞ்சுது."

"சரிங்க மேடம்."

"அங்க நீ என்ன எழுதறியோ அதுக்குத்தான் மார்க். கூடவும் போட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பயந்துதான் அப்படிப் போடறேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்க மாட்டேன். குறைஞ்சிருந்தா மறுபடி எழுதிக் குடுப்பேன்."

"குடு." நாத்தனார் அடுத்த படிக்குக் காலைத் துழாவினாள். "வெளிய எங்கயாவது பாத்தா அக்கான்னு கூப்பிடாதே."

அவள் நகர்ந்து வழிவிட்டாள். நாத்தனார் ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே போய்ச் சேரும் வரை அங்கேயே நின்றாள். பிறகு மேலே மணி அடித்தது. மூன்றாவது மாடியில் வகுப்பு. இரண்டிரண்டு படியாக ஏறினாள்.